பரண் மேல் இருக்கும் பால் டப்பா

தண்டையார்பேட்டை

அன்புள்ள கதிருக்கு,

அம்மா எழுதுவது. உன் மனைவி செல்வியும் பிள்ளையும் நலம். பிள்ளை பிறந்து இன்றோடு பன்னிரண்டு நாள். நீ பூனாவிலிருந்து அனுப்பின இரண்டு பால் பவுடர் டப்பாவும் வந்தது. பிரிக்காமல் பரண் மேல் போட்டுவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. "செல்விக்கு எச்.ஐ.வி. இருக்கே, தாய்ப்பாலில் கிருமி இருக்குமே, பாதிக்குப் பாதி டப்பா பால் கொடுத்தால் ஆபத்தும் பாதியாகுமே" என்று போனில் கேட்டாய். கணக்கு அப்படி வராது கண்ணா. இருப்பதிலேயே மோசமான வழி அதுதான்.

பச்சைப்பிள்ளையின் குடல் இன்னும் பூச்சு காயாத சுவர் மாதிரி. தாய்ப்பால் அந்தச் சுவரைப் பூசி மூடிக்கொண்டே வரும். நடுவில் பசும்பாலோ பவுடர் பாலோ சர்க்கரைத் தண்ணியோ போனால் குடல் உறுத்திப் புண்ணாகும், பேதி வரும். அந்தப் புண் எச்.ஐ.வி.க்கு வழி விட்டுவிடும். இன்னொன்றும் உண்டு. வேறு பாலில் வயிறு நிறைந்த பிள்ளை மார்பில் ஒழுங்காகக் குடிக்காது. பால் தேங்கிக் கட்டிக்கொள்ளும், கட்டின மார்பின் பாலில் கிருமி கூடும். தென்னாப்பிரிக்காவில் செய்த ஓர் ஆய்வு 2007-ல் வெளியானது. தாய்ப்பாலோடு கஞ்சி போன்ற ஆகாரமும் கொடுத்த பிள்ளைகளுக்கு, தாய்ப்பால் மட்டும் குடித்தவர்களைவிடத் தொற்று ஆபத்து ஏறக்குறைய 11 மடங்கு. பவுடர் பால் கலந்தவர்களுக்குக் கிட்டத்தட்ட 2 மடங்கு. அது தாய்மாருக்கு எச்.ஐ.வி.யை அடக்கும் கூட்டு மருந்து பரவலாகக் கிடைக்காத காலம். செல்வி கர்ப்பத்திலிருந்தே அந்த மாத்திரை எடுக்கிறாள், எட்டாம் மாதம் ரத்தத்தில் கிருமி எவ்வளவு என்று பார்த்த வைரல் லோடு சோதனையில் அது கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கியிருந்தது. ஆபத்து பூஜ்யம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் மிகமிகக் குறைவு.

டப்பா பால் மட்டுமே கொடுப்பது வேறு வழி. ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. ஆலோசனை சொல்லும் நம்பிக்கை மையத்தில் அதையும் சொல்லி, முடிவை அவளிடம்தான் விட்டார்கள். ஒரு நாளைக்கு எட்டுத் தடவை, நடு ராத்திரியிலும், தண்ணி கொதிக்கவைத்து, கிண்ணம் கொதிக்கவைத்து, அளவு பிசகாமல் கரைக்க வேண்டும். லாரித் தண்ணி பிடித்துக் குடத்தில் வைக்கிற வீட்டில் ஒரு தடவை தவறினாலும் பேதிதான். அவள் தாய்ப்பால் என்றாள். சரியான முடிவு.

பிள்ளைக்குக் கிருமி தொற்றாமல் இருக்க தினமும் நெவிரபின் சிரப். பிறந்த எடை 2 கிலோ 900 கிராம், அதனால் ஒரு வேளைக்கு 15 மில்லிகிராம், அதாவது 1.5 மில்லி. ஆறு வாரம் வரை, தினம் ஒரே நேரத்தில். பாட்டிலை நன்றாகக் குலுக்கி, சிரிஞ்சில் கொஞ்சம் கூடுதலாக இழுத்து, நிமிர்த்திப் பிடித்துச் சுண்டினால் காற்றுக்குமிழி மேலே வரும். அதைத் தள்ளிவிட்டு 1.5 கோட்டில் நிறுத்த வேண்டும். குமிழி இருந்தால் மருந்து குறைந்துவிடும். நாக்கின் நடுவில் விட்டால் துப்பிவிடுவான். கன்னத்தின் உள்பக்கம் சொட்டுச் சொட்டாக விட்டால் தானே சப்பி விழுங்குகிறான்.

செல்வியின் மாத்திரை இரவு ஒன்பது மணிக்கு. இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகளை வெறும் வயிற்றில் அதோடு சேர்த்துப் போட்டால் அதிலிருக்கும் டொலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து உடம்பில் சரியாகச் சேராது. அதனால் இரும்பு காலையில், கால்சியம் மதியம் சாப்பிட்ட பிறகு. நெஞ்செரிச்சல் என்று இரவில் ஜெலுசில் குடிப்பதையும் நிறுத்திவிட்டேன், அதுவும் மருந்தைச் சேரவிடாது. நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான்.

பால் கொடுக்கும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். வாய் அகலத் திறந்து, கீழ் உதடு வெளியே மடங்கி, தாடை மார்பில் பட வேண்டும். காம்பை மட்டும் சப்பினால் வெடித்துவிடும், வெடித்தால் ரத்தம் பாலோடு போகும். நான்காம் நாள் இடது பக்கம் லேசாக வெடிப்பு. ஆறும் வரை அந்தப் பக்கத்துப் பாலைக் கையால் பீய்ச்சிக் கொட்டிவிட்டு வலது பக்கம் மட்டும் கொடுத்தாள். பீய்ச்சாமல் விட்டால் கட்டிக்கொள்ளும். இப்போது ஆறிவிட்டது. மார்பு சிவந்து காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. பிள்ளையின் நாக்கில் தயிர் ஒட்டினாற்போல வெள்ளையாக இருந்தாலும் அப்படித்தான், வாய்ப்புண்ணும் கிருமிக்கு வழி.

உன் அத்தை சீனித் தண்ணியோடு வந்தாள், எதிர்வீட்டு ஆயா உரைமருந்தோடு வந்தாள். கிரைப் வாட்டர், தேன், வசம்பு எதுவும் வேண்டாம் என்றேன். "ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும்னு டாக்டர் சொல்லிட்டாங்க" என்பது ஒன்றே பதில். எல்லாத் தாய்மாருக்கும் இதே விதிதான் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. டப்பாவைத் திறந்தால்தான் "ஏன் பால் குடுக்கல" என்று தெருவே கேட்கும். இந்த வெயிலுக்குத் தண்ணி வேண்டாமா என்று நீயும் கேட்பாய். பாலிலேயே பெரும்பகுதி தண்ணிதான். ஒரு நாளைக்கு ஆறு ஏழு தடவை ஒண்ணுக்குப் போகிறான், அது போதும். டாக்டர் எழுதும் சொட்டு மருந்துக்குத் தடையில்லை. நான் இல்லாத நேரம் யாராவது எதையாவது புகட்டிவிட்டால் பயந்துபோய் பாலை நிறுத்தக் கூடாது, அடுத்த வேளையிலிருந்து மறுபடி தாய்ப்பால் மட்டும்.

ஆறாம் வாரம் எச்.ஐ.வி. பரிசோதனைக்குப் பிள்ளையின் குதிகாலில் குத்தி அட்டையில் ரத்தச் சொட்டு எடுப்பார்கள். வேறு தொற்று வராமல் காக்கும் கோட்ரைமாக்சசோல் மருந்தும் அப்போது தொடங்கும். பிறகு 6, 12, 18 மாதங்களில் பரிசோதனை, பால் மறந்த பிறகு இன்னொன்று. ஆறு மாதம் முடிந்ததும் கேழ்வரகுக் கஞ்சி, பருப்புச் சோறு. தாய்ப்பால் ஒரு வயது வரையாவது தொடரும். நிறுத்தும்போது ஒரே நாளில் வெடுக்கென்று நிறுத்தாமல் ஒரு மாதமாகக் குறைத்துக்கொண்டு வரணும்.

காசிமேட்டில் பால் சுறா வாங்கிப் புட்டு செய்தேன், நன்றாகச் சாப்பிட்டாள். டப்பாவுக்குச் செலவழிக்கும் பணத்தை முட்டைக்கும் மீனுக்கும் அனுப்பு. இரவு ஒன்பதுக்கு அவளுக்குப் போன் போடு, உன் மாத்திரையும் அதே நேரம்தானே. இரண்டு பேரும் பேசிக்கொண்டே போட்டுக்கொள்ளுங்கள்.

அம்மா