மலையில் நடை நேரத்தைக் கணக்கில் எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலைக்கிராமங்களுக்குச் சாலை கேட்டு உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். சாலை வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் சாலை வரும்வரை அங்கே இருக்கிறவர்கள் என்ன செய்வார்கள் என்பதை யாரும் பேசுவதில்லை. அதற்காகவே எழுதுகிறேன்.

நான் ஜவ்வாது மலையில் பிறந்தவன். பதினெட்டு ஆண்டுகளாக அம்பத்தூரில் ஒரு பட்டறையில் வேலை செய்கிறேன். அண்ணன் குடும்பம் இன்னும் மேலேதான் இருக்கிறது. சாமை விதைக்கிறார்கள், ஆடு வளர்க்கிறார்கள். பஸ் நிற்கும் இடத்திலிருந்து எங்கள் ஊருக்கு ஏழு கிலோமீட்டர் என்று எல்லா மனுக்களிலும் எழுதியிருக்கிறது. அம்பத்தூரிலிருந்து வில்லிவாக்கமும் ஏறக்குறைய அவ்வளவுதான். மின்சார ரயிலில் கால் மணி நேரத்தில் இறங்கிவிடுவேன். அங்கே மூன்று மணி நேரம் ஏற வேண்டும். மாதம் 35 கிலோ ரேஷன் அரிசி வாங்கும் வீட்டில் அத்தனையும் தலைச்சுமையாகத்தான் மேலே போகிறது.

இருபத்தோரு ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழி இரவில் அண்ணிக்கு வலி எடுத்தது. கம்பளியை மூங்கிலில் தூளியாகக் கட்டி அவரைப் படுக்க வைத்தோம். ஒற்றையடிப் பாதை என்பதால் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர்தான் சுமக்க முடியும். தோள் மாற்ற நான்கு பேர் கூடவே வந்தார்கள். நான் டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தேன். இறக்கம் வரும்போதெல்லாம் தூளி முன்பக்கம் சரியும். அண்ணி மூங்கிலை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொள்வார். பாதி வழியில், ஓடைக்கரைப் பாறையில் இறக்கி வைத்தோம். அங்கேயே குழந்தை பிறந்தது. உடன் வந்த பாட்டி ஒருவர் தன் முந்தானையைக் கிழித்துக் குழந்தையைச் சுற்றினார். தாயும் மகளும் பிழைத்தார்கள். அதற்கு எங்கள் அதிர்ஷ்டத்தைத் தவிர வேறு காரணம் இல்லை.

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. வேலூர் மாவட்டம் அணைக்கட்டு அருகே அல்லேரி மலையில் 2023 மே மாதம் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை மருத்துவமனை போய்ச் சேரும் முன்பே இறந்துபோனது. வண்டி போகப் பாதை இல்லாததால் அந்த உடலைப் பெற்றவள் கையில் ஏந்தி மலையேறினாள். படத்தைப் பார்த்து நாம் எல்லோரும் வருந்தினோம்.

2008-இல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. இன்று அழைத்தால் அடிவாரம் வரை வருகிறது. அழைப்பதற்கே எங்கள் ஊரில் சிக்னல் கிடைக்கும் பாறை வரை ஏற வேண்டும் என்பது வேறு விஷயம். துணை சுகாதார நிலையம் சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று, மலைப்பகுதியிலும் பழங்குடிப் பகுதியிலும் 3,000 பேருக்கு ஒன்று என்பது விதி. கேட்பதற்குச் சலுகை போலத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் ஊர் நாற்பது வீடு; அடுத்த ஊர் இன்னொரு மலையில் முப்பது வீடு. மூவாயிரம் தலை சேர எத்தனை மலை ஏறி இறங்க வேண்டும்? எங்கள் பகுதிக்கு வரும் கிராம சுகாதாரச் செவிலியரை நான் ஒரு சொல் குறை சொல்ல மாட்டேன். ஊர் ஊராக நடந்தே அவர் கால் ஓய்ந்துவிடுகிறது.

மலை மாநிலங்களில் தேர்ந்தெடுத்த மாவட்டங்களுக்கு, வீட்டிலிருந்து நடந்து அரை மணி நேரத்துக்குள் துணை சுகாதார நிலையம் இருக்க வேண்டும் என்று மத்திய நல்வாழ்வு அமைச்சகம் நேரத்தையே அளவாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. தமிழ்நாட்டை யாரும் மலை மாநிலம் என்று சொல்வதில்லை. அதனால் எங்கள் மலையின் உயரம் குறைந்துவிடுமா? ஜவ்வாது, கல்வராயன், போதமலை, பர்கூர் என எல்லா மலைகளுக்கும் மாநில அரசு இந்த அளவைக் கொண்டுவர வேண்டும். அரை மணி நேரம் முடியாவிட்டால் ஒரு மணி நேரம் என்றாவது வைக்கட்டும்.

சாலைக்கும் ஒரு வார்த்தை. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி, கிராம சபை பரிந்துரைத்தால் பள்ளி, மருந்தகம், அங்கன்வாடி, குடிநீர், சாலை உள்ளிட்ட 13 வசதிகளுக்கு வன நிலத்தைத் தரலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவாக இருக்க வேண்டும். நான்கு மீட்டர் அகலத்தில் சாலை போட்டால் அந்த நிலம் இரண்டரை கிலோமீட்டருக்குக்கூட வராது. எங்களுக்கு வேண்டியது ஏழு. மீதிக்கு 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதி வாங்க வேண்டும். கோப்பு நகர ஆண்டுகள் ஆகும். ஆனால் ஒரு மருந்தகத்துக்கு அவ்வளவு நிலம் எதற்கு? சில சென்ட் போதும். அதை இன்றே கொடுக்கலாம். உள்ளூர்ப் பெண்கள் இருவருக்குப் பயிற்சி கொடுத்து, சம்பளம் கொடுத்து, ஒரு நல்ல ஸ்ட்ரெச்சரும் கொடுத்து அங்கே உட்கார வைக்கலாம்.

அன்று பாறையில் பிறந்த அண்ணன் மகளுக்கு இப்போது ஏழாம் மாதம். உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். ஐப்பசியில் பிரசவம் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த மாதம் ஓடையில் இடுப்பளவு தண்ணீர் போகும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அம்பத்தூர், சென்னை – 53.