கண்ணாடியும் காது மெஷினும் பைக்குள்ள இருந்தா பேஷண்ட் எப்படித் தெளிவா இருப்பாங்க?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நான் 31 வருஷம் ஸ்டாஃப் நர்ஸா வேலை பார்த்து ரிட்டயர் ஆனவ. போன மாசம் முதல் தடவையா பேஷண்ட் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்தேன். எங்க அத்தை, வீட்டுக்காரரோட அம்மா, வயசு 79, பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சு ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரியில ஆபரேஷன்.

ஆபரேஷன் முடிஞ்ச ரெண்டாம் நாள் ராத்திரி "யாருடி அது, தலைமாட்டுல ஒருத்தன் நிக்கிறான், போகச் சொல்லு"ன்னு கத்தி ட்ரிப்பைப் பிடுங்கிட்டாங்க. நின்னது ட்ரிப் ஸ்டாண்டு, அதுமேல நான் காயப்போட்ட துண்டு. ஓடி வந்த சிஸ்டர் பொண்ணு ரெண்டு கையையும் கட்டில்ல கட்டிட்டு "வயசாச்சுல்ல ஆன்ட்டி, அப்படித்தான் இருப்பாங்க"ன்னு சொல்லிட்டுப் போயிடுச்சு, கை கட்டுனதும் அத்தை இன்னும்தான் திமிறுனாங்க. அந்தப் பொண்ணு மேல எனக்குக் கோபம் இல்ல, அன்னைக்கு ராத்திரி 24 பேருக்கு அது ஒரே ஆளு.

விடிஞ்சதும் தான் எனக்கு உறைச்சது. ஆபரேஷன் தியேட்டருக்குப் போறப்ப கழட்டிக் குடுத்த கண்ணாடியும் காது மெஷினும் என் பையிலயே கிடக்குது! அத்தைக்குக் கண்ணாடி இல்லன்னா ஆள் முகம் தெரியாது, மெஷின் இல்லன்னா பக்கத்துல நின்னு பேசுனாலும் கேக்காது. அப்படி ஒருத்தரை ஜன்னல் இல்லாத ரூம்ல படுக்க வச்சு, பகலா ராத்திரியான்னு தெரியாம, சொல்லாம கொள்ளாம யாரோ கையைப் பிடிச்சு ஊசி போட்டா யாருக்குத்தான் பயம் வராது.

கண்ணாடியைத் தொடைச்சு மாட்டி விட்டேன். மெஷின்ல பேட்டரி செத்துப் போச்சு, ஆரஞ்சு ஸ்டிக்கர் ஒட்டுன 13ஆம் நம்பர் பேட்டரி, மெடிக்கல்ல கிடைக்கல, பையன் காது மெஷின் கடையைத் தேடிப் போய் வாங்கிட்டு வந்தான். ஸ்டிக்கரை உரிச்சு ஒரு நிமிஷம் காத்துல வச்சுப் போட்டு, காதுல மாட்டி, "அத்தை, நான்தான், இது ஆஸ்பத்திரி, இன்னைக்கு வியாழக்கிழமை"ன்னு சொன்னேன். என்னையே பார்த்துட்டு "காபி குடுத்தாங்களா உனக்கு?"ன்னு கேட்டாங்க. அழுதுட்டேன் ஐயா.

கண்ணாடி மாட்டுனா எல்லாம் சரியாயிடும்னு நான் சொல்ல வரல. சோடியம் குறைஞ்சாலும், யூரின் அடைச்சாலும், இன்ஃபெக்‌ஷன் ஆனாலும், சில மாத்திரையாலயும் இப்படித் திடீர்னு புத்தி குழம்பிப் போற டெலிரியம் வரும், அதையெல்லாம் டாக்டர் பார்த்தே ஆகணும். ஆனா கண்ணு காதைக் கவனிக்கிறதும் சேர்ந்ததுதான் வைத்தியம். அமெரிக்காவுல யேல் யுனிவர்சிட்டி டாக்டர் ஷாரன் இனூயி டீம் 70 வயசும் அதுக்கு மேலயும் ஆன 852 பேஷண்டுகளை வச்சு செஞ்ச ஆய்வு 1999ல வந்துச்சு. கண்ணாடி, காது மெஷின், தூக்கம், தண்ணி, எழுப்பி நடக்க வைக்கிறது, இன்னைக்கு என்ன நாள்னு பேச்சுக் குடுக்கிறது, இதையெல்லாம் ஒழுங்கா செஞ்ச பக்கம் 9.9 சதவீதம் பேருக்குத்தான் டெலிரியம் வந்துச்சு, வழக்கமான கவனிப்புல 15 சதவீதம்.

கத்துறவங்களையாவது திரும்பிப் பார்ப்போம். சத்தமே இல்லாம சுருண்டு கிடக்கிறவங்களுக்கும் இது வரும், "பாட்டி நல்லாத் தூங்குது"ன்னு தாண்டிப் போயிடுவோம், நானும் டியூட்டியில அப்படிப் போயிருக்கேன், இப்ப நினைச்சா மனசு உறுத்துது. சுகர்ல கால் மரத்துப் போனவங்களும் அப்படித்தான், வெந்நீர்ப் பை சுடுதுன்னு அவங்களால சொல்லவே முடியாது, கொப்புளம் வந்தப்புறம்தான் நமக்கே தெரியும்.

நான் கேக்கிறது அட்மிஷன் ஷீட்டுல ஒரு வரி. கண்ணாடி போடுவாங்களா, காது கேக்குமா, கால்ல உணர்ச்சி இருக்கா, கண்ணாடியும் மெஷினும் இப்ப எங்க இருக்கு. தியேட்டர்ல இருந்து வார்டுக்கு வந்ததும் பி.பி. பார்க்கிற மாதிரி அதையும் பார்த்து மாட்டி விடணும். கட்டிலுக்கு எதிர்ல பெரிய நம்பர் கடிகாரம் ஒண்ணு, தேதி கிழிக்கிற காலண்டர் ஒண்ணு. சுகாதாரத்துறையில இருக்கிறவங்க கண்ணுல படணும்னுதான் உங்க பேப்பருக்கு எழுதுறேன், தயவு செஞ்சு போடுங்க.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஸ்டாஃப் நர்ஸ், மதுரை