ரொட்டவேட்டர் எச்சரிக்கை ஸ்டிக்கர்கள்: ஞாயிறு காலை சரிபார்ப்பு

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வாடகைக்கு ஓடும் நம் கருவிகளை நேற்றுப் பார்த்தபோது, ஒரு ரொட்டவேட்டரில் (டிராக்டரில் பூட்டி மண்ணைக் கிளறும் சுழல் கலப்பை) எச்சரிக்கை ஸ்டிக்கரை டீசல் துணியால் துடைத்துத் துடைத்து, கை சிக்கும் படத்தில் விரல்கள் மட்டுமே மிஞ்சியிருந்தன. இன்னொன்றில், டிராக்டர் எஞ்சினின் சுழற்சியைக் கருவிக்குக் கொண்டுசெல்லும் பி.டி.ஓ. தண்டின் பிளாஸ்டிக் உறையையே கழற்றிவிட்டார்கள். கிரீஸ் வைக்க இடைஞ்சலாம். இந்தத் தண்டின் வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று என்றால் நொடிக்கு 9 சுற்று ஆகும் என்பதால், துண்டின் நுனியோ வேட்டி முனையோ அதில் சிக்கினால், உதறிக்கொள்ளக்கூட நேரம் கிடைக்காது.

சம்பா உழவுக்கு முன், வரும் ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்கு நெல் களத்தில் எல்லாக் கருவிகளையும் சரிபார்க்கிறோம்.

1. கருவியைச் சேறு போகக் கழுவிக் கொண்டுவரவும்.

2. அழிந்த ஸ்டிக்கரைப் படமெடுத்து, மாடல் எண்ணுடன் வெள்ளி இரவுக்குள் இங்கே அனுப்பவும். விற்பனையாளரிடம் மொத்தமாகக் கேட்டு வாங்கலாம்.

3. கழற்றி வைத்த உறையையும், அது தண்டோடு சேர்ந்து சுழலாமல் பிடித்துக்கொள்ளும் சங்கிலியையும் தவறாமல் எடுத்துவரவும்.

4. ஓட்டுநரும் உடன் வரவேண்டும். பல ஸ்டிக்கர்களில் இந்தியும் ஆங்கிலமுமே இருப்பதால், “எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்த பிறகே கருவியைத் தொடவும்” என்று தமிழில் பெயின்டால் எழுதிவிடலாம். ஸ்டிக்கரைவிட இதுவே அதிக நாள் நிற்கும் என்பது என் கணிப்பு.

வருகிறவர்கள் பெயரையும் கருவியையும் குறிப்பிட்டுப் பதிலிடவும். கட்டைவிரல் குறி மட்டும் போதாது.

– ஒருங்கிணைப்பாளர்