நுண்ணோக்கி அறைச் சாவி: கருவிகள் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் கல்லூரிக் கருவிகள் குழுவின் மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். விண்ணப்பத்தின் மூன்று நகல்களும் உங்களிடமே இருப்பதால் கதையை முதலிலிருந்து சொல்லவில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் மெல்லிய வாய்க்கால் அமைத்து, அதில் இரண்டு திரவங்களைக் கலக்கும் ஒரு சிறு சில்லை நாங்கள் செய்துபார்க்கிறோம். அதைச் சோதிக்க வாரத்தில் ஒரு முழு நாள் நுண்ணோக்கி அறைச் சாவி வேண்டும் என்று கேட்டோம். "மோட்டார் இல்லை, அசையும் பாகமும் இல்லை, இது எப்படிக் கலப்பான்?" என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பிவிட்டீர்கள்.

அசையும் பாகம் இல்லாததுதான் ஐயா, அதன் சிறப்பே. பாளையங்கால்வாயில் நீர் சுழித்து ஓடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். 200 மைக்ரோமீட்டர் அகலமும் 100 மைக்ரோமீட்டர் ஆழமும் உள்ள வாய்க்காலில் அந்தச் சுழிப்பு வராது. விநாடிக்கு 1 சென்டிமீட்டர் வேகத்தில் விட்டால், ஓட்டம் சுழிக்குமா சீராகப் போகுமா என்று காட்டும் ரெனால்ட்ஸ் எண் 2-ஐக்கூடத் தொடாது. நீலச் சாயமும் கேசரிப் பவுடர் கரைத்த நீரும், மனஸ்தாபப்பட்ட சம்பந்திகள் ஒரே பஸ்ஸில் போவதுபோல, ஒட்டியும் ஒட்டாமலும் போகும். விரவலை, அதாவது மூலக்கூறுகள் தாமாகவே மெல்லப் பரவுவதை, மட்டும் நம்பினால் கலக்க ஏறக்குறைய 10 விநாடி ஆகும். அதற்குள் நீர் 10 சென்டிமீட்டர் ஓடிவிடும். எங்கள் கண்ணாடித் தகட்டின் நீளமே 7.5 சென்டிமீட்டர்தான். ஆகவே வாய்க்காலின் அடியில் மீன்முள்ளைப் போல் சாய்ந்த வரிப்பள்ளங்கள் வைக்கிறோம். அவை ஓட்டத்தைப் பக்கவாட்டில் திருப்பி, பரோட்டா மாவைப் போல் மடித்துக்கொண்டே போகின்றன. 2002-இல் ஸ்ட்ரூக் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட வடிவம் இது. தள்ளுவது சிரிஞ்சு பம்பு; கலப்பது பள்ளம். நாங்கள் அதன் ஆழத்தையும் சாய்வையும் மாற்றிப் பார்க்கிறோம், அவ்வளவுதான்.

இப்போது எங்களுக்குக் கிடைப்பது காலை 11 முதல் 12.30 வரை. கல்லிடைக்குறிச்சியிலிருந்து வரும் மாணவி ஒருத்தி முதலில் எத்தனால் ஏற்றி, பிறகு தண்ணீர் விட்டு, அதன்பின் சாயம் விடுகிறாள். எங்காவது ஒரு பள்ளத்தில் காற்றுக்குமிழி ஒன்று உட்கார்ந்துகொள்ளும். கடுகில் பத்தில் ஒரு பங்குகூட இராது. அழுத்தினால் நகராது, வேகத்தைக் கூட்டினால் குழாய் பிடுங்கிக்கொள்ளும். போன செவ்வாய்க்கிழமை அது நகர்ந்தபோது மணி 12.20. நீலமும் மஞ்சளும் மடிந்து பச்சை தெரியத் தொடங்கியது. ஒரு படம் எடுத்திருப்பாள். அதற்குள் வாசலில் சாவிக்கொத்து குலுங்கியது. உதவியாளரைக் குறை சொல்லவில்லை, அவருக்கு இட்ட உத்தரவு அது. சில்லைக் கழற்றினாள். குமிழி மறுபடியும் ஏறிவிட்டது. ஒரு முழு நாள் கேட்பது இதற்காகத்தான்.

தரமதிப்பீட்டுக் குழு வந்த அன்று மட்டும் அதே அறை காலை முதல் மாலை வரை திறந்திருந்தது, குத்துவிளக்குகூட ஏற்றினார்கள். பக்கத்து அறையில் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாத கருவிகள் சில பத்திரமாக இருக்கின்றன. தூசி படாத ஆய்வகம் என்று வெளியாட்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். மோட்டார்தான் முக்கியம் என்றால், பழைய மிக்ஸியிலிருந்து ஒன்றைக் கழற்றிச் சில்லின் பக்கத்தில் வைத்துவிடவும் நாங்கள் தயார்.

மன்னிக்கவும், கோரிக்கையை விட்டு விலகிவிட்டேன். புதிய கருவி கேட்கவில்லை, பணமும் கேட்கவில்லை. வாரத்தில் ஒரு நாள், காலை 9 முதல் மாலை 5 வரை அந்தச் சாவியைக் கொடுத்து உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். எந்தக் கிழமை என்பதை நீங்களே முடிவு செய்யலாம். எந்தப் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும் என்பதையும் தெரிவித்தால், நான்காவது நகல் எடுக்கும் செலவு மிச்சமாகும்.

இப்படிக்கு,
இயந்திரப் பொறியியல் துறை உதவிப் பேராசிரியர் ஒருவர்,
பாளையங்கோட்டை