முதல் மழைக்கு மாமா வரவில்லை

பிரியமுள்ள சேக்காளிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். நீயும் வீட்டில் எல்லாரும் நலம்தானே? கொத்தனார் மாமா போன அன்று உன்னிடம் போனில் இரண்டு வார்த்தைகூட ஒழுங்காகப் பேச முடியவில்லை. நீ மஸ்கட்டில் வேலையில் நின்றுகொண்டிருந்தாய். என் பக்கம் ஒரே அழுகைச் சத்தம். "விவரமா எழுதுடே" என்று சொல்லி வைத்தாய். மூன்று வாரமாகத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருகிறேன், எழுத ஓடவில்லை. இன்று காலையிலிருந்து விடாத மழை. திங்கள்சந்தைக்குப் போகிற வேலையைத் தள்ளி வைத்துவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அன்று அதிகாலையில் எழுந்து கட்டன் சாயா குடித்திருக்கிறார். வாழைக்குத் தண்ணீர் திருப்பிவிட்டு வந்து, நெஞ்சு கனக்கிறது என்று திண்ணையில் சாய்ந்திருக்கிறார். ஆட்டோ வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. 74 வயது. முந்தின நாள்கூட இரணியல் பக்கம் ஒரு வீட்டுக்கு நிலை வைக்கப் போய்விட்டு வந்தவர். படுக்கையில் கிடக்கவில்லை, யாருக்கும் சிரமம் வைக்கவில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு அது ஆறுதலாக இல்லை. இரண்டு நாளாவது படுத்திருந்தால் பக்கத்தில் போய் உட்கார்ந்திருப்பேனே.

வந்த கூட்டத்தில் பாதிப் பேரை எனக்குத் தெரியாது. குளச்சலிலிருந்து ஒரு மீன்பிடிக் குடும்பம் வேன் பிடித்து வந்திருந்தது. 2004 சுனாமிக்கு அப்புறம் அவர்களுக்குக் கிடைத்த வீட்டைக் கட்டியது மாமாவும் அவருடைய ஆட்களும்தானாம். அந்தக் குடும்பத்துப் பாட்டி யாரிடமும் எதுவும் பேசவில்லை. மாமாவின் வலது கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

இந்த மழைதான் என்னை ரொம்பப் படுத்துகிறது. உனக்குத் தெரியுமே, நம் ஊருக்கு இரண்டு பக்கமிருந்தும் மழை உண்டு. வைகாசி பாதியில் தொடங்குகிற இடவப்பாதி மழை மேற்கிலிருந்து சாய்த்தடிக்கும். துலாமழை ஐப்பசியில் இடியோடு கிழக்கிலிருந்து வரும். ஒரு மழையைத் தாங்கின சுவர் அடுத்த மழைக்கு ஒழுகும். அதனால் பால்காய்ப்பு முடிந்து, கணக்கு எல்லாம் தீர்த்த பிறகும் மாமாவுக்கு அந்த வீட்டில் இரண்டு நாள் வேலை பாக்கி இருக்கும். இடவப்பாதியில் ஒரு நாள், துலாமழையில் ஒரு நாள். குடையை மடக்கி வாசலில் சாய்த்துவிட்டு நேரே மேற்குச் சுவருக்குப் போவார். உள்ளங்கையை விரித்துச் சுவரில் பதித்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பிறகு ஜன்னல் மூலை, நிலைக்கு மேலே லிண்டல் சேருகிற இடம், கான்கிரீட்டும் சுவரும் சேருகிற கோடு என்று ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போவார். ஈரம் தட்டுப்பட்டால் காதில் செருகியிருக்கும் பென்சிலை எடுத்து ஒரு வட்டம் போடுவார். வெயில் அடித்ததும் கையாளோடு வந்து கொத்திப் பூசிவிட்டுப் போவார். கூலி கொடுத்தால் வாங்க மாட்டார். "நான் விட்ட ஓட்டைக்கு நீ எனக்குத் துட்டு தரணுமா மக்களே?" என்று கேட்பார்.

என் வீடு 1994-ல் கட்டியது. ஒவ்வொரு வருஷமும் இரண்டு தடவை வந்திருக்கிறார். புது வீட்டுக்கு வருவது சரி, இத்தனை வருஷம் கழிந்த வீட்டுக்கும் வருவார். இந்த வருஷம் இடவப்பாதி தொடங்கிய அன்று வாசலில் குடை சாய்க்கிற சத்தம் கேட்டது மாதிரி இருந்து நான் எழுந்தே போய்விட்டேன்.

என் வீட்டில் நடந்த ஒரு தப்பை உனக்குச் சொன்னேனோ என்னவோ. நீ அப்போதுதான் வெளிநாடு போயிருந்தாய். லாரியில் மணல் வந்தால் மாமா ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பார். உப்புக் கரித்தால் லாரி வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். அந்த ஒரு நாள் மட்டும் அவருடைய மூத்த மகளுக்கு டைபாய்டு என்று ஆஸ்பத்திரியில் இருந்தார். லோடு வந்தது, பையன்கள் இறக்கிவிட்டார்கள், தெற்கு அறையைப் பூசியும் முடித்துவிட்டார்கள். துலாமழை பிடித்ததும் சுவர் முழுக்க வெள்ளையாக உப்புப் பூத்தது. பூச்சு அங்கங்கே பொரிந்து, விரலால் தட்டினால் உள்ளே பொள்ளலாகச் சத்தம் கேட்டது. மாமா வந்து பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் சாமானோடு வந்துவிட்டார். ஆறு நாள். பூச்சு முழுவதையும் கொத்தி எடுத்து, செங்கல் தெரிகிற வரைக்கும் சுரண்டி, திரும்பத் திரும்பக் கழுவி, காயவிட்டுப் பூசினார். கையாள் கூலி, சிமெண்ட் எல்லாம் அவர் கைக்காசு. மணல் விற்ற ஆளிடம் சண்டைக்குப் போக நான் சட்டையை மாட்டினேன். "அவன் வித்தான். பாக்காம இறக்குனது என் ஆளுல்லா?" என்று என்னை உட்கார வைத்துவிட்டார். அந்தச் சுவரில் இன்று வரைக்கும் ஒரு பொட்டு ஈரம் கிடையாது.

அடுக்களை மேடை போடுகிற அன்று வீட்டுப் பெண்களை அழைப்பாரே, நினைவிருக்கிறதா? எல்லாக் கொத்தனாரும் ஒரே கணக்கில் உயரம் வைத்துவிட்டுப் போவார்கள். மாமா அப்படிச் செய்ய மாட்டார். சமைக்கிறவரை வந்து நிற்கச் சொல்லி, முழங்கையை மடக்கச் சொல்லி, அதற்குக் கீழே நாலு விரல் விட்டுச் சுவரில் கோடு போடுவார். உன் அம்மாவை நிற்க வைத்தபோது நானும் அங்கே இருந்தேன். அம்மா வெட்கப்பட்டுக்கொண்டு, "எனக்கு எதுக்கு, நாளைக்கு வரப்போற மருமகளுக்குப் பாத்து வையுங்கோ" என்றார். "மருமக வரும்போது நான் இடிச்சுக் கட்டித் தாரேன். இப்பம் சமைக்கது நீங்கதானே" என்றார் மாமா. 29 அங்குலம். உன் மனைவி வந்த பிறகு குனிந்து குனிந்து முதுகு வலிக்கிறது என்று சொல்லியும், உன் அம்மா இருக்கிற வரை நீ இடிக்க விடவில்லை. அப்புறமும் இடிக்கவில்லை.

அவர் கையைப் பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டும். சிமெண்ட் தின்று தின்று விரல்நுனியெல்லாம் வெடித்துக் கிடக்கும். ராத்திரி சாப்பாடானதும் மாமி தேங்காய் எண்ணெயைச் சூடாக்கிக் கிண்ணத்தில் கொண்டுவந்து ஒவ்வொரு விரலாகத் தடவிவிடுவார். மாமா அந்த நேரத்தில்தான் பேத்தியிடம் பள்ளிக்கூடக் கதை கேட்பார். ரேகை சுத்தமாகத் தேய்ந்துபோய்விட்டதால் ரேஷன் கடை இயந்திரத்தில் அவர் பெருவிரல் விழவே விழாது. மாமிதான் போய் வாங்கி வருவார். இளைய மகள் போன வாரம் சொன்னாள், மாமி இன்னமும் ராத்திரி எண்ணெயைச் சூடாக்கிவிடுகிறாராம். கூடம் வரைக்கும் கொண்டுவந்துவிட்டு அப்படியே திரும்பி உள்ளே போகிறாராம்.

மூன்று பிள்ளைகளையும் அந்தக் கையால்தான் படிக்க வைத்தார். மூத்தவள் திருவனந்தபுரத்தில் நர்ஸ். இளையவள் டீச்சர். மகன் இந்த வேலைக்கு வரவில்லை, அதில் மாமாவுக்கு வருத்தமும் இல்லை. ஆனால் சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கிற தூக்குக்குண்டை மட்டும் மகன் எடுத்து வைத்திருக்கிறான். பித்தளை உருண்டை, மேலே தேய்ந்து வழுவழுவென்று ஆன மரக்கட்டை. நூலை மட்டும் மாமா வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றுவார்.

நம்மை அவர் மாத்தூருக்குக் கூட்டிப்போனதை நீ மறந்திருக்க மாட்டாய். தொட்டிப் பாலம் கட்டுகிறபோது அவருக்குப் 14, 15 வயது. அப்பாவோடு ஜல்லிச் சட்டி சுமக்கப் போயிருக்கிறார். 1966-ல் வேலை முடிந்தது. 28 தூண், உயரமான இடத்தில் 115 அடி. பறளியாற்றுக்கு மேலே பட்டணங்கால் வாய்க்கால் தண்ணீர் ஓடுகிறதை நாம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் கீழே இறங்கிப் போய்த் தூண் தூணாகத் தொட்டுக்கொண்டு நடந்தார். ஏன் மாமா என்று கேட்டோம். "நான் சொமந்தது எந்தத் தூணுல கெடக்குன்னு தெரியல்ல. அதான் எல்லாத்தையும் பாத்துட்டு வாறேன்" என்றார்.

புதிதாக வேலைக்குச் சேருகிற பையன்களை முதல் ஞாயிற்றுக்கிழமை பத்மநாபபுரம் அரண்மனைக்குத்தான் கூட்டிப்போவார். மரவேலை, ராஜா கட்டில் எதையும் காட்ட மாட்டார். தரையில் உட்கார வைத்து அதில் முகத்தைப் பார்க்கச் சொல்வார். சுண்ணாம்பும் சிரட்டைக் கரியும் முட்டை வெள்ளையும் சேர்த்துத் தேய்த்த தரை என்பார்கள். "எத்தன பேரு மிதிச்சிட்டான், மங்கிச்சா பாரு" என்பார். அவ்வளவுதான் பாடம். சாயாவும் ரசவடையும் வாங்கிக் கொடுத்துத் திருப்பிக் கூட்டி வருவார்.

ஒக்கிப் புயலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2017 நவம்பர் 30. ரப்பரும் வாழையும் சாய்ந்து, நாள் கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தோம். அப்போது அவருக்கு 66 வயது. மறுநாள் விடிந்ததும் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு, ஆண் துணை இல்லாத வீடாகப் பார்த்துப் பார்த்து ஏறினார். ஓட்டுக்குத் தட்டுப்பாடு. மேலத்தெருவில் ஒரு அம்மா கைக்குழந்தையோடு இருந்தார், அந்த வீட்டுக் கூரைக்கு ஓடு போதவில்லை. மாமா தன் வீட்டு அடுக்களை ஓட்டைப் பிரித்துக் கொண்டுபோய்ப் போட்டார். 12 நாள் மாமி தார்ப்பாய்க்குக் கீழே நின்று மரச்சீனிக் கிழங்கு அவித்தார். மாமி அதைச் சொல்லித் திட்டும்போது பார்க்க வேண்டும், முகத்தில் எவ்வளவு பெருமை!

சரி, உன் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். சாவியை மாமி என்னிடம் கொடுத்துவிட்டார். மாமா உன் வீட்டை மாதம் ஒரு தடவை திறந்து காற்றாட விடுவார் என்பது எனக்குத் தெரியும். நேற்று மழை கொஞ்சம் விட்ட நேரம் போனேன். மேற்குச் சுவரில் அவரைப் போலவே கையை வைத்து நின்று பார்த்தேன். ஈரமா, வெறும் குளிர்ச்சியா என்று என் கைக்குப் பிரித்துத் தெரியவில்லை. அடுக்களை ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு பென்சில் வட்டம் இருந்தது, போன வருஷத்தது போல. உள்ளே புதுப்பூச்சு. தொட்டுப் பார்த்தேன், நன்றாகக் காய்ந்திருக்கிறது.

பின்பக்கச் சன்ஷேடில் ஒரு அரசங்கன்று முளைத்திருக்கிறது. இலை நாலுதான், வேர் எவ்வளவு தூரம் போயிருக்கிறதோ தெரியவில்லை. மாமாவிடம் கடைசி வரை கையாளாக இருந்த பையன் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். வேரோடு எடுத்துவிட்டு அந்த இடத்தைக் கொத்திப் பூசச் சொல்லட்டுமா? துலாமழைக்கு முன்னால் நன்றாகக் காய வேண்டும். உடனே பதில் போடு.

உன் பிரியமுள்ள,
மேலவீட்டுக்காரன்