மாடும் பனியனும் ஒரு தீவும்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம்; தங்கள் நலமும் அண்ணியின் நலமும் அறிய ஆவல். ஜெர்சிப் பசு ஒன்று வாங்கியிருப்பதாகவும், சொசைட்டியில் பாலுக்குக் கொழுப்பு நன்றாக நிற்பதாகவும் தாங்கள் எழுதிய கடிதம் வந்த அன்றுதான், முதுகில் தன் பெயர் அச்சிட்ட கிரிக்கெட் ஜெர்சி வேண்டும் என்று பேரன் அடம்பிடித்துக்கொண்டிருந்தான். இரவு, நியூ ஜெர்சியிலிருக்கும் மகள் தொலைபேசியில் அழைத்தாள். மாட்டுக்கும் சட்டைக்கும் மகள் ஊருக்கும் எப்படி ஒரே பெயர் வந்தது என்று வேடிக்கையாகக் கேட்டிருந்தீர்கள். கேள்வி என்னை விடவில்லை. ஒரு வாரம் அதிலேயே போயிற்று.

எல்லாவற்றுக்கும் மூலம் ஒரு சிறு தீவு. பிரான்சின் நார்மண்டிக் கரையிலிருந்து சுமார் 22 கிலோமீட்டர் தொலைவில், ஏறத்தாழ 120 சதுர கிலோமீட்டர் பரப்பில், ஒரு லட்சத்துச் சொச்சம் மக்களோடு இருக்கும் ஜெர்சி, பிரிட்டிஷ் அரசருக்கு உட்பட்டது என்றாலும் பிரிட்டனின் பகுதி அன்று. அதற்கெனத் தனிச் சட்டமன்றம் உண்டு. அங்கே கடல் ஏறி இறங்கும் உயரம் 12 மீட்டர் வரை போகும் என்பதால், நீர் வடியும்போது தீவே பெரிதாகிவிட்டதுபோல் தோன்றுமாம்.

அந்தச் சட்டமன்றம் செய்த காரியங்களில் உங்கள் பசுவோடு தொடர்புடையது, வெளி மாடுகள் தீவுக்குள் வரக் கூடாது என்று 18ஆம் நூற்றாண்டில் விதித்த தடை. பிரெஞ்சு மாடுகளைத் தீவுக்குக் கொண்டுவந்து, தீவு மாடு என்று சொல்லி வரியில்லாமல் இங்கிலாந்துக்கு அனுப்பிய வணிகர்களை நிறுத்துவதற்காகத்தான் அதைச் செய்தார்கள். 1789இல் சட்டம் மேலும் கடுமையாயிற்று. வியாபாரத் தந்திரத்தை அடைக்கப்போய், ஓர் இனமே கலப்பின்றிக் காக்கப்பட்டுவிட்டது. 1866இல் வம்சாவளிப் பதிவேடும் தொடங்கினார்கள். வெளி விந்தணுவுக்குத் தீவின் கதவு திறந்தது 2008இல்தான். இதில் எனக்கு மிகவும் பிடித்த முரண் ஒன்று உண்டு: கலப்பே கூடாது என்று 200 ஆண்டுகளுக்கு மேல் கட்டிக்காத்த இனத்தின் பெயர், நம் ஊர்த் தொழுவங்களில் சினை ஊசி போட்டுப் பிறந்த கலப்பின மாட்டைக் குறிக்கும் பெயராகிவிட்டது. ‘ஜெர்சி’ என்று சந்தையில் சொன்னால், தூய ஜெர்சி என்று ஒருவரும் எடுத்துக்கொள்வதில்லை.

சட்டையின் கதை மாட்டினுடையதைவிடப் பழையது. கம்பளி நூலில் காலுறை பின்னுவது 16, 17ஆம் நூற்றாண்டுகளில் அந்தத் தீவின் பெருந்தொழில். ஆண், பெண் என்று பேதமின்றி எல்லோரும் ஊசியோடு உட்கார்ந்துவிட்டதால், வயலில் அறுவடைக்கும் கடற்கரையில் உரத்துக்குக் கடற்பாசி அள்ளுவதற்கும் ஆள் கிடைக்காமல், அந்தப் பருவங்களில் பின்னக் கூடாது என்று 1608இல் சட்டமே போட்டார்கள்! தீவின் பெயர் முதலில் பின்னலுக்கும், பிறகு மீனவர் அணிந்த பின்னற்சட்டைக்கும், கடைசியில் விளையாட்டுக்காரர் உடைக்கும் வந்து சேர்ந்தது. திருப்பூரில் என் மைத்துனர் பட்டறைக்குப் போனபோது ‘சிங்கிள் ஜெர்சி’ என்ற சொல் காதில் விழுந்தது. பனியன் துணியைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஒரு துண்டைக் கையில் கொடுத்தார். முன்பக்கம் சிறு சிறு கூர்வளைவுகள் பத்தி பத்தியாக நிற்கின்றன. பின்பக்கம் அரைவட்டங்கள் குறுக்கே ஓடுகின்றன. வெட்டிய ஓரம் வைத்த இடத்தில் கிடக்காமல் தானாகச் சுருண்டுகொள்கிறது. காலுறை பின்னிய தீவுக்காரரும் அந்த ஓரச் சுருளோடு மல்லுக்கட்டியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். பேரன் வாங்கிய சட்டையிலோ, கம்பளியும் இல்லை, பருத்தியும் இல்லை; முழுக்கப் பாலியெஸ்டர்.

மகள் ஊரின் பெயர் நன்றிக்கடனாக வந்தது. இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரில் இளவரசர் சார்லஸுக்கு இத்தீவு அடைக்கலம் தந்தது. தந்தையின் தலை வெட்டுண்ட 1649இல் அவரை மன்னராக அறிவிக்கவும் செய்தது. அப்போது தீவை ஆண்டவர், அந்த மண்ணிலேயே பிறந்த ஜார்ஜ் கார்ட்டரெட். பின்னர் 1664இல், மன்னரின் தம்பியான யார்க் கோமகன் அமெரிக்க நிலப்பகுதி ஒன்றை அவருக்கும் பார்க்லி பிரபுவுக்கும் வழங்கியபோது, அது நியூ ஜெர்சி ஆயிற்று. தாய்த் தீவைப்போல் 180 மடங்குக்கும் பெரிய பிள்ளை! அந்த மாநிலத்தின் வழியாக ஒரு பேரப்பிள்ளையும் உண்டு: நெடுஞ்சாலை நடுவே அடி அகன்று மேல் குறுகி நிற்கும் கான்கிரீட் தடுப்புக்கு ‘ஜெர்சித் தடுப்பு’ என்று பெயர். அதற்கும் தீவுக்கும் நேர் உறவு கிடையாது.

தவறாக ஒட்டிக்கொண்ட உறவும் இருக்கிறது. தீவில் பிறந்த நடிகை லில்லி லாங்ட்ரியை ஓவியர் மில்லே 1878இல் ‘ஒரு ஜெர்சி லில்லி’ என்ற பெயரில் வரைந்தார். படத்தில் அவர் கையிலிருப்பதோ அண்டைத் தீவான கெர்ன்சியின் பெயர்கொண்ட பூ. கெர்ன்சிக்கும் ஒரு மாடு, ஒரு பின்னற்சட்டை உண்டு என்பதால், இதைப் பங்காளிச் சண்டையில்தான் சேர்க்க வேண்டும்.

இவை தவிர, ஆளைவிட உயரமாக வளரும் ஜெர்சி முட்டைக்கோசின் தண்டைக் காயவைத்து, மெருகு பூசி, ஊன்றுகோல் செய்கிறார்களாம். என் முழங்கால் இருக்கும் நிலையில் எனக்கு ஒன்று கிடைத்தால் நல்லது.

ஒரு வேண்டுகோள். தூய ஜெர்சியின் கரிய மூக்கைச் சுற்றி வெளிறிய வளையம் ஒன்று இருக்கும். நாளைக் காலை தீவனம் வைக்கும்போது உங்கள் பசுவின் முகத்தைச் சற்று உற்றுப் பார்த்து, அது இருக்கிறதா என்று எழுதுங்கள்.

அன்புடன்,
தங்கள் பழைய நண்பன்