மெஹ்ரோலி பூங்கா அதிகாரிகளுக்கு: தயவுசெஞ்சு அந்தப் பூட்டைத் திறங்க

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை அம்மாவைக் கூட்டிட்டு மெஹ்ரோலி தொல்லியல் பூங்காவுக்கு வந்தேன். அங்க லேடீஸ் டாய்லெட் பூட்டியே கிடக்கறது உங்களுக்குத் தெரியாத விஷயம் இல்ல, கேட்ல இருக்கற நோட்டுல எனக்கு முன்னாடியே நாலஞ்சு பேர் எழுதி வச்சிருக்காங்க, அவங்களுக்குக் கீழ நானும் ஹிந்தியில எழுதிட்டுத்தான் வந்தேன். இப்ப தமிழ்ல எழுதறேன், ஏன்னா என்னை மாதிரி ஊர்லேர்ந்து அம்மா அப்பாவை வரவழைச்சு டெல்லியைச் சுத்திக் காட்டற நம்ம ஜனங்களும் இதைத் தெரிஞ்சுக்கணும்.

அம்மாவுக்கு 71 வயசு, சுகர் இருக்கு. வெளிய கிளம்பறதுன்னா காலைலேர்ந்து தண்ணி குடிக்க மாட்டாங்க, காபி கூட அரை டம்ளர்தான், "அங்க போய் எங்கடி ஒதுங்கறது"ன்னு கேப்பாங்க. 200 ஏக்கர் பூங்காம்மா, டாய்லெட் இல்லாமயா இருக்கும்னு சொல்லி ஒரு பாட்டில் தண்ணியைக் குடிக்க வச்சவ நான்தான்.

தில்குஷாவைப் பாத்து அம்மா அவ்வளவு சந்தோஷப்பட்டாங்க. முகலாயர் காலத்து குலி கான் சமாதி அது, அவர் அக்பரோட வளர்ப்புத் தாய் மகன் ஆதம் கானுக்குக் கூடப் பிறந்தவர், 1840கள்ல தாமஸ் மெட்காஃப்னு வெள்ளைக்கார அதிகாரி அதையே மழைக்கால பங்களாவா மாத்திக்கிட்டார், சுத்தி ரூம் கட்டி, குவிமாடத்துக்கு அடியில இருக்கற நடுக்கூடத்தையே சாப்பாட்டு ரூம் ஆக்கிட்டார்னு நான் சொல்லச் சொல்ல அம்மா செருப்பைக் கழட்டி ஓரமா வச்சிட்டாங்க. "சமாதியில உக்காந்தா சாப்பிட்டான் பாவி"ன்னு ஒரே கோபம். அப்பறம் வெளிச்சுவர்ல மிச்சம் இருக்கற நீல ஓடுகளைத் தொடாம கிட்டப் போய்ப் பாத்தாங்க, மேடையில நின்னு குதுப் மினாரைப் பாத்து நெத்தியில கை வச்சுட்டே நின்னாங்க.

திரும்பும்போதுதான் கஷ்டம். ஜமாலி கமாலி மசூதி பக்கம் வரும்போதே அம்மா என் கையை இறுக்கிப் பிடிச்சுட்டாங்க. டாய்லெட் வாசல்ல போய் நின்னா பூட்டு, துருப்பிடிச்ச பூட்டு, அன்னிக்கு மட்டும் போட்ட பூட்டு இல்ல அது. வாட்ச்மேன் தம்பி நல்ல பையன், அவர்கிட்ட சாவி இல்ல, சாவி காண்ட்ராக்டர்கிட்ட இருக்கு, ஞாயித்துக்கிழமை அவர் வரமாட்டார்னு சொன்னார். ஞாயித்துக்கிழமைதானே சார் எல்லாரும் வருவாங்க? ஆட்டோ கிடைக்க கால் மணி நேரம், ஆர்.கே.புரம் வர அரை மணி நேரம். வழியில என்ன ஆச்சுன்னு எழுத மாட்டேன். இறங்கும்போது அம்மா ஆட்டோக்காரர் முகத்தைப் பாக்கல, அது மட்டும் சொல்றேன்.

அதனால கேக்கறேன், அந்தப் பூட்டைத் திறங்க. சாவியை கேட்ல இருக்கறவர்கிட்ட கொடுங்க. இதுக்கு டெண்டர் வேண்டாம், மீட்டிங் வேண்டாம், பெரிய பட்ஜெட்டும் வேண்டாம்.

இந்த ஊர்ல 22 வருஷமா இருக்கேன், வெளிய போனா தண்ணி குடிக்காம இருக்கறதை பொம்பளைங்க எல்லாரும் ஒரு பழக்கமாவே ஆக்கிக்கிட்டோம், என் பொண்ணு ஸ்கூல்ல அதே, மார்க்கெட்ல அதே, ஆபீஸ்ல வேலை செய்யற பொண்ணுங்க டிரெயின் ஏறினா அதே. யூரின் இன்ஃபெக்‌ஷன்னு டாக்டர்கிட்ட போனா அவர் முதல்ல கேக்கறது "தண்ணி ஒழுங்கா குடிக்கறீங்களா"ன்னுதான். எங்க சார் குடிக்கறது? கல்லுக்கு சுண்ணாம்பு பூசி, செடிக்கு வேளாவேளைக்குத் தண்ணி ஊத்தறீங்க, ரொம்ப நல்லது, மனசாரச் சொல்றேன், பாக்க வர்ற மனுஷங்களையும் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க.

கோபத்துல ஏதாவது அதிகமா எழுதியிருந்தா மன்னிச்சிடுங்க. பூங்காவை நல்லா வச்சிருக்கீங்க, புல் வெட்டி, பாதையெல்லாம் சுத்தமா இருக்கு, அந்த வேலை செய்யறவங்களுக்கு என் நன்றி. அம்மா அடுத்த மாசம் 12-ம் தேதி ஊருக்கு டிரெயின் ஏறறாங்க. 1506-ல கட்டின ராஜோன் கி பாவ்லி படிக்கிணறை அன்னிக்குப் பாக்காமயே வந்துட்டோம், அதைப் பாக்கணும்னு அவங்களுக்கு ஆசை, ஆனா "வேண்டாம்டி"ங்கறாங்க. அதுக்குள்ள ஒரு ஞாயித்துக்கிழமை நான் மட்டும் முதல்ல வந்து பாக்கறேன். கதவு திறந்திருந்தா அடுத்த நாளே அம்மாவைக் கூட்டிட்டு வருவேன்.

இப்படிக்கு,
ஆர்.கே.புரத்துலேர்ந்து ஒரு பொண்ணு